மோரிஸ் மாமா குவைத் காரைத் தொட்ட கதை

கல்பாத்தியில் வெங்கிடேஸ்வரன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. மோரிஸ் மாமா என்றால் குழந்தைகூடக் கையைப் பிடித்துக் கொண்டுபோய் விட்டுவிடும். ரிஜிஸ்டர் ஆபீஸில் குமாஸ்தா. அங்கே அவர் என்ன வேலை பார்த்தார் என்பது அவருக்கே நிச்சயமில்லை. ஞாயிற்றுக்கிழமை வரும் என்ற நம்பிக்கையில்தான் மற்ற நாட்களைத் தள்ளினார். அன்று வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மூணாற்றுத் தோட்டத் துரை ஒருவர் கப்பலேறும்போது விற்றுவிட்டுப் போன மோரிஸ் காருக்கு அடியில் புகுந்துவிடுவார். மனைவி சேஷம்மாள் வாசலில் வந்து இரண்டு கால்களைப் பார்த்துத்தான் சாப்பிடக் கூப்பிட வேண்டும்.

அந்தக் காரில் அவர் கழற்றி மாட்டாத சாமான் கிடையாது. பெட்ரோல் டாங்கில் ஓட்டை விழுந்தால் பார் சோப்பால் அடைப்பார். கார்புரேட்டரை மண்ணெண்ணெயில் ஊறப்போட ஈயச்சொம்பை எடுத்தார் பாருங்கள், அதோடு அந்த வீட்டு ரசம் போயிற்று. ஆயுத பூஜை தவறாமல் பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்குக் குங்குமம் வைப்பார். மோரிஸில் அந்த முனையைத்தான் கார் பாடியோடு சேர்க்க வேண்டும். "குங்குமம் பாடிக்கு" என்று மந்திரம் போலச் சொல்லிக்கொண்டே மாட்டுவார். உலகத்தில் எல்லாக் காரும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

எழுபத்தெட்டாம் வருஷம் அவர் மகள் ராமலட்சுமியைப் பெண் பார்க்கக் கோயமுத்தூரிலிருந்து வந்தார்கள். ராமலட்சுமிக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. மாப்பிள்ளை யக்ஞநாராயணன் கோயமுத்தூர் எக்ஸ்சேஞ்ச். டிரங்க் கால் போட்டுப் போட்டு இருவரும் குரலாலேயே பழகிவிட்டார்கள். எங்கள் தெருவில் இது தெரியாதவர் கோயில் விஸ்வநாதர் ஒருவர்தான், அவருக்கும் சந்தேகம் இருந்திருக்கும். கோத்திரம், ஜாதகம் எல்லாம் தப்பித்தவறிப் பொருந்திவிட்டன. ஆகவே சேஷம்மாள் காலையிலேயே சொல்லிவிட்டாள்: "இன்னிக்கு ஒரு நாள் எந்தக் காரையும் தொடாதேங்கோ. ராமு வேற இடத்துக்குக் கழுத்தை நீட்ட மாட்டா, கேட்டேளா?"

மாப்பிள்ளையின் பெரியப்பா குவைத்திலிருந்து கொண்டுவந்த ஜப்பான் காரில் வந்து இறங்கினார்கள். மாநில எல்லையில் வாளையார் செக்போஸ்டில் இருந்தவர்களே எழுந்து நின்று பார்த்த காராம். பெரியப்பா இதை நாலு பேரிடம் தனித்தனியாகச் சொன்னார். உள்ளே சொஜ்ஜி பஜ்ஜி நடந்த நேரமெல்லாம் கார் கதவைத் திறந்துவைத்து, டேப்பில் பாட்டை அலறவிட்டுத் தெருவுக்கே பெருமை காட்டினார்.

பெண் பிடித்துவிட்டது. நாலரைக்கு ராகுகாலம், அதற்குள் கிளம்ப வேண்டும். சாவியைத் திருகினால் கார் முக்கக்கூட இல்லை. பாட்டு பேட்டரியைக் குடித்துவிட்டிருந்தது. தெருவே கூடிக் கோயில்வரை தள்ளி, திரும்ப வாசலுக்கே கொண்டுவந்த பிறகு பெரியப்பா, "இது ஆட்டோமாடிக்காக்கும், தள்ளினா ஸ்டார்ட் ஆகாது" என்றார், அதையும் பெருமையாக.

இனி மோரிஸ் மாமாவைப் பிடிக்க யாரால் முடியும்? சேஷம்மாள் கதவோரம் நின்று தலையை ஆட்டோ ஆட்டென்று ஆட்டினாள். அவர் அந்தப் பக்கமே திரும்பவில்லை. பானெட்டைத் திறந்தவர் திகைத்துப்போனார். உள்ளே எல்லாம் பெட்டி, குழாய், மூடி. ஒரு ஸ்பானர் நுழையச் சந்து கிடையாது. அடையாளம் தெரிந்தது பேட்டரி ஒன்றுதான். மோரிஸின் பேட்டரியைக் கழற்றி வந்தார். "குங்குமம் பாடிக்கு." பாடியிலிருந்து வந்த வயரின் வளையம் அந்த முனையில் ஏறவில்லை. கார் தன்னால் முடிந்தவரை வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தது. அவர் வளையத்தை நெம்பி, தட்டி ஏற்றினார். தொளதொளத்த மற்றதற்குத் தகரம் மடித்துச் சொருகினார்.

பட்டென்று ஒரு பொறி. பிறகு ரப்பர் கருகும் நாற்றத்தோடு புகை.

"எந்த ஊர்ல ஓய் பாசிட்டிவை பாடிக்குக் குடுப்பா?" என்று குதித்தார் பெரியப்பா.

"மோரிஸ்ல அப்படித்தான்..."

"இது மோரிஸா ஓய்? பொண்ணு பார்க்கக் கூப்பிட்டேளா, காரைக் கொளுத்தக் கூப்பிட்டேளா?"

டாக்ஸி பிடித்து, நட்ட நடு ராகுகாலத்தில் கிளம்பிப் போனார்கள். மறுநாள் ஒரு லாரி வந்து காரைக் கட்டி இழுத்துக்கொண்டு போயிற்று. அதற்கப்புறம் ஒரு தகவலும் இல்லை. மோரிஸ் மாமா ஞாயிற்றுக்கிழமைகளில் உள்ளேயே உட்கார்ந்திருந்தார். பெண்ணின் வாழ்க்கையைத் தன் கையாலேயே கெடுத்துவிட்டோமே என்று குமைந்தார். எங்களுக்கே பாவமாக இருந்தது.

கொஞ்ச நாள் கழித்து யக்ஞநாராயணன் தனியாகப் பஸ்ஸில் வந்து இறங்கினான். தூரத்தில் அவனைக் கண்டதும் மோரிஸ் மாமா பதறிப்போய், கையில் ஒரு சாமான்கூட இல்லாமல் காருக்கு அடியில் புகுந்துவிட்டார்.

அவன் வாசலில் நின்றபடியே சொன்னான்: "பெரியப்பா சம்மதிச்சுட்டார். ஒரே ஒரு கண்டிஷன். மாமா ஸ்பானரும் கையுமா எங்காத்துப் பக்கம் வரப்படாதாம்."

சேஷம்மாள் சரி என்று சொல்ல வாயெடுத்தாள். விட்டால் மோரிஸையே ஆற்றில் தள்ளச் சம்மதித்திருப்பாள். ராமலட்சுமி முந்திக்கொண்டாள்.

"ஸ்பானர் இல்லாம வந்தா அது எங்கப்பாவே இல்லை. அப்பா வரப்படாத ஆத்துக்கு நானும் வரலை."

யக்ஞநாராயணன் விழித்தான். "பெரியப்பாகிட்ட என்ன சொல்லட்டும்?"

"அவரோட காரைப் பூட்டி வெச்சுக்கச் சொல்லுங்கோ."

அவன் சிரித்துவிட்டான். "பூட்டித்தான் கிடக்கு. கோயமுத்தூர்ல எந்த மெக்கானிக்கும் அதைத் தொட மாட்டேங்கறான். மாமா வரட்டும், ஸ்பானரோடயே வரட்டும்."

சேஷம்மாள் காப்பி கலக்க உள்ளே ஓடினாள். மோரிஸ் மாமாவை எத்தனையோ தடவை கூப்பிட்டாள். கார் அடியில் தெரிந்த இரண்டு கால்களும் அசையவே இல்லை. அவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. பெண்ணைப் பெற்றவன் யாருக்கும் தெரியாமல் அழ, கல்பாத்தியில் அதைவிட்டால் வேறு இடம் கிடையாது.