மருந்துக்கு ஒன்று

முட்டி போட்டு, கன்னத்தைத் தரையில் பதித்து, முதலில் படம் எடுப்பார். அப்புறம்தான் மருந்து அடிப்பார். கூப்பிட்ட வீட்டுக்காரர்கள் விழிப்பார்கள். கொல்ல வந்த மனிதர் கரப்பானிடம், "கொஞ்சம் திரும்பும்மா, மீசை சரியா விழல" என்று கெஞ்சினால் யாருக்குத்தான் குழப்பம் வராது?

தெருவில் அவர் பெயரே மருந்துக்காரர். முதுகில் தெளிப்பான், சட்டைப் பையில் பூதக்கண்ணாடி. வழியில் எறும்பைக் கண்டால் ஒதுங்கி நடப்பார். "மிதிச்சுக் கொல்றது தொழில் இல்ல, கொழுப்பு" என்பார்.

இணையத்தில் பூச்சி பார்ப்பவர்களுக்கென்று ஒரு குழு. பல்லாயிரம் பேர் படம் போடுவார்கள். விஷயம் தெரிந்தவர்கள் பெயர் சொல்வார்கள். நாலு வருடத்தில் இவர் போட்டது மூவாயிரம் படம். எல்லாமே ஊரறிந்த பூச்சிகள். "இத்தனை பேரு கூடி உக்காந்து அப்படி என்னதான் கண்டுபிடிச்சீங்க?" என்று மனைவி காய் நறுக்கிக்கொண்டே கேட்பார். மனிதருக்குச் சுருக்கென்று தைக்கும்.

போன வாரம் ஓர் அச்சகத்தின் காகிதக் கிடங்கில் எள்ளளவு வண்டு ஒன்றைப் படம் எடுத்துப் போட்டார். முதுகில் வெள்ளையாக ஒரு வளையம். நாலாம் நாள், குழுவிலிருக்கும் வண்டு ஆராய்ச்சிக்கார அம்மாள் எழுதினார்: முப்பது வருடத்தில் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை, புது இனமாக இருக்கலாம். ஆனால் வெறும் படத்துக்குப் பெயர் வைக்க முடியாது. பூச்சியே வேண்டும், ஒன்றே ஒன்று போதும். மருந்துக்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். படம் எடுத்த பத்தாவது நிமிடம் அந்தக் கிடங்கு முழுக்க மருந்தடித்தவர் அவரேதான். தொழிலில் கெட்டிக்காரர் வேறு.

மறுநாள் காலையே, மருந்து பிடித்திருக்கிறதா என்று பார்க்க வந்ததாகச் சாக்குச் சொல்லி உள்ளே நுழைந்தார். செத்ததையெல்லாம் பெருக்கிக் குப்பை வண்டியில் ஏற்றியாயிற்று என்றார் அச்சக முதலாளி. "மருந்துக்குக்கூட ஒண்ணு இல்லைங்க" என்று பாராட்டும் கிடைத்தது. வேறு நாளாயிருந்தால் உச்சி குளிர்ந்திருக்கும். அன்று பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு முட்டி போட்டார்.

காகிதக் கட்டுகளுக்கு நடுவே ஒரு மணி நேரம் தவழ்ந்தார். கடைசி அலமாரிக்குப் பின்னால், சுவரோரமாக, தப்பிப் பிழைத்த ஒன்று தன் பாட்டுக்கு ஊர்ந்துகொண்டிருந்தது. வெள்ளை வளையம் இருந்தது. மூச்சை அடக்கி அதை வலக் கையில் ஏந்தி, விரல்களைக் கூடாக மூடிக்கொண்டு எழுந்தார்.

பின்னாலேயே முதலாளி நின்றிருந்தார். "ஏதாவது இருக்கா?"

"ஒண்ணும் இல்லைங்க."

முதலாளி முகமெல்லாம் மலர்ந்து, குலுக்குவதற்காக வலக் கையை நீட்டினார். மருந்துக்காரர் இடக் கையைக் கொடுத்தார்.