ஒரு வாசல், இரண்டு கன்றுகள்

நாங்கள் புது வீட்டுக்குக் குடிபோன வருடம் எனக்குப் பத்து வயது. பாலக்கோட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம் போனால் எங்கள் ஊர் வரும். வீட்டைக் கட்டியது அப்பா. அதில் எது எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்தது மட்டும் பெரியப்பா. சுவருக்கு ரோஸ் பெயிண்ட், கேட்டில் மயில், சமையலறை ஜன்னல் எந்தப் பக்கம் என்பது வரைக்கும் அவர் வைத்ததுதான் சட்டம். அண்ணன் பேச்சுக்கு அப்பா மறுபேச்சு பேசி நான் பார்த்ததில்லை. அம்மா அவரிடம் பேசியே பார்த்ததில்லை.

உடனே குடும்பச் சண்டை என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் வீட்டுப் பெண்கள் கணவருடைய அண்ணனிடம் நேருக்கு நேர் பேச மாட்டார்கள், அது மரியாதை. ஒரே வாசலில் ஆறடி தள்ளி நின்றாலும் நடுவே பேச்சைக் கொண்டுபோய்க் கொண்டுவர ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான்தான். வகுப்பில் லீடர் பதவிக்கு என்னை யாரும் சீண்டாத குறையை இந்த உத்தியோகம் தீர்த்து வைத்தது. அதனால் மிகுந்த மிடுக்கோடு செய்து வந்தேன்.

வீட்டுக்கும் கேட்டுக்கும் நடுவே பதினைந்தடி இடம் மிச்சம் இருந்தது. அதற்கடியில்தான் தண்ணீர்த் தொட்டி. தொட்டியை ஒட்டி ஒரே ஒரு மரம் வைக்க இடம் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா டிவிஎஸ் வண்டியில் மே பிளவர் கன்று ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார். நர்சரியில் வாங்கியது, என் உயரத்துக்கு இருந்தது. தளதளவென்று புளிய இலை மாதிரி இலைகள்.

அம்மா பின்பக்கம் போய்த் தன்னுடைய கன்றை எடுத்துக்கொண்டு வந்தாள். அது கொன்றை. ஒகேனக்கல் போகும் வழியில் பஸ் நின்றபோது பொறுக்கிய காயை உடைத்து, விதையைச் சுடுதண்ணீரில் ஊறப்போட்டு, பால் பாக்கெட்டில் மண் நிரப்பி முளைக்க வைத்தது. நான்கு விதையில் ஒன்றுதான் முளைத்தது. எட்டு மாதமாகியும் அது என் முழங்காலைத் தாண்டவில்லை. வெயில் நகர நகரப் பாக்கெட்டை நகர்த்தி நகர்த்தி வைத்து அம்மா அதை வளர்த்திருந்தாள். இந்த வீட்டில் அம்மா ஆசைப்பட்டுக் கேட்டது அது ஒன்றுதான். வாசலில் அந்த மரம் நிற்க வேண்டும். அது எனக்குத் தெரியும். ஜன்னல் விஷயத்தில் அவள் அழுததும் எனக்கு மட்டும்தான் தெரியும்.

இரண்டு கன்றுகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. வழக்கு ஆரம்பமாயிற்று.

“பெரியப்பாகிட்ட சொல்லு பாப்பா, மே பிளவர் வேரு கீழ எறங்காது. பக்கவாட்டுல ஓடும். தொட்டிய ஒடச்சிப்புடும்.”

ஆறடி தூரம் நடந்து போய்ச் சொன்னேன். அவர் காதில் அது முன்பே விழுந்திருந்தாலும் நான் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தார்.

“உங்கம்மாகிட்ட சொல்லு கண்ணு, மூணே வருசத்துல வூட்டு ஒசரத்துக்கு வந்துரும். வாசல் பூரா நெழலு. பூத்துச்சின்னா பஸ்ஸ்டாப்புல நின்னு பாத்தாலும் செவப்பா தெரியும். கொன்ன மரம் என்னைக்கு வளர்றது, என்னைக்குப் பூக்கறது?”

“கொன்னைக்குத் தண்ணியே வேணாம், ரெண்டு வருசம் ஊத்துனாப் போதும்னு சொல்லு. போர்ல தக்காளிக்கே தண்ணி பத்தல. இத யாரு ஊத்தறதாம்?”

“பங்குனியில எலையெல்லாம் கொட்டிப்புட்டு மொட்டையா நிக்குமே, அத யாரு பாக்கறதாம்? காயி வேற தடி தடியாத் தொங்கும். புது வூட்டு முன்னால நல்லாவா இருக்கும்?”

“மே பிளவரும்தான் மொட்டையா நிக்கும். ஆடிக் காத்துக்குக் கெள வேற முறியும்.”

இதைக் கொண்டுபோகும்போது, வீட்டின் மேலே விழுந்து ஆட்களே செத்துப்போவார்கள் என்று நான் கொஞ்சம் சேர்த்துச் சொன்னேன். பெரியப்பா என் தலைக்கு மேலாக அம்மா நின்ற திசையைப் பார்த்து, “அப்படியா சொன்னாங்க?” என்றார். அம்மா வேகமாகத் தலையை ஆட்டி மறுத்தாள். அன்றைக்கு என் உத்தியோகம் போய்விடும் போலிருந்தது.

ஒரு வாரம் இப்படியே ஓடியது. அப்பா இரண்டு பேருக்கும் தலையாட்டினார். கடைசியில் பெரியப்பாவே ஒரு வழி சொன்னார். ஆத்தா கோயிலில் பூப்போட்டுக் கேட்டுவிடலாம். எங்கள் குடும்பத்தில் போர் போடுவது, பெண் எடுப்பது என்று மனிதர்களால் தீராத எல்லாவற்றுக்கும் அதுதான் தீர்ப்பு. ஆளுக்கொரு நிறத்தில் பூவை இலையில் பொட்டலமாகக் கட்டிச் சாமி முன்னால் போட வேண்டும். கள்ளங்கபடம் தெரியாத ஒரு குழந்தை அதில் ஒன்றை எடுக்க வேண்டும். எந்த நிறம் வருகிறதோ அது ஆத்தாளுடைய வாக்கு. அதற்கப்புறம் அப்பீல் கிடையாது.

கள்ளங்கபடம் தெரியாத குழந்தை என்று எல்லோரும் என்னைக் கைகாட்டினார்கள். நானும் முகத்தை அதற்கேற்ப வைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் கோயிலுக்குப் போனோம். மே பிளவருக்குச் சிவப்பு, கொன்றைக்கு மஞ்சள் என்று பேச்சு. பெரியப்பா கோயிலுக்குப் பின்னால் முள்வேலி போட்டு வளர்த்திருந்த செவ்வரளியில் ஒரே ஒரு பூவைப் பறித்து வந்து தட்டில் வைத்தார். அம்மா எங்கள் வயல் வரப்பிலிருந்து ஒரு கை நிறைய மஞ்சள் சாமந்தி கொண்டுவந்திருந்தாள். பொட்டலத்தை யார் கட்டுவது என்று அப்பா இழுத்தார்.

“அந்தப் புள்ளையே கட்டட்டும்டா. ஆத்தா முன்னால யாரு என்ன பண்ணிடப் போறாங்க” என்று அம்மா நின்ற பக்கம் தலையை அசைத்தார் பெரியப்பா.

அம்மா வேப்ப மரத்தடியில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். நான் மட்டும் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டேன். முதல் வாழையிலைத் துண்டில் ஒரு சாமந்தியை வைத்து மடித்து நாரால் கட்டினாள். அவள் அடுத்த இலையை எடுக்கும்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. கட்டிய பொட்டலத்தின் ஓரத்தை என் கட்டைவிரல் நகத்தால் அழுத்திக் கிள்ளினேன். பிறை போல ஓர் அடையாளம் விழுந்தது. அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. “ஓடிப்போய் அப்பாகிட்ட சூடம் வாங்கியா” என்றாள். நான் திரும்பி வந்தபோது இரண்டு பொட்டலமும் தயாராக இருந்தன. அம்மா முந்தானை முனையில் எதையோ முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டிருந்தாள்.

பூசாரி இரண்டையும் குலுக்கி ஆத்தாள் காலடியில் போட்டார். எனக்கு ஆத்தாள் கண்ணைப் பார்க்க முடியவில்லை. அவளுக்கு எல்லாம் தெரியும் என்று பயம். இருந்தாலும் அம்மாவுக்காக அவள் ஒருமுறை கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டேன். குனிந்தேன். நக அடையாளம் எனக்கு நேராகவே கிடந்தது. அதை எடுத்துப் பூசாரி கையில் வைத்தேன்.

நார் அவிழ்ந்தது. இலை விரிந்தது. பளிச்சென்று மஞ்சள்!

நான் குதித்த குதியில் கோயில் மணி என் தலையில் இடித்தது. அப்பா அண்ணன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சிரிக்கலாமா வேண்டாமா என்று நின்றார். அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள், கண்ணில் தண்ணீர். கிரில் கேட், பெயிண்ட், ஜன்னல் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஜெயித்துவிட்டது போல எனக்கு இருந்தது. அதுவும் என் ஒரு நகத்தால்.

பெரியப்பா மட்டும் அமைதியாகத் திருநீறு பூசிக்கொண்டார். எடுக்காத பொட்டலத்தைப் பிரிப்பது வழக்கமில்லை, அது ஆத்தாளுடையது. அம்மா அதைக் கிணற்றில் போட எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். வாசலில் ஊர்க் கிடா நின்றது. ஆத்தாளுக்கு நேர்ந்துவிட்டது, யாருக்கும் அடங்காதது. அம்மாவின் கையிலிருந்த வாழையிலையைக் கண்டதும் ஒரே இழுப்பில் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு போய் மெல்ல ஆரம்பித்தது.

“ஐயோ, அரளி! கெடா செத்துரும்!” என்று அப்பா கத்திக்கொண்டு ஓடினார். ஆடு வளர்க்கிற எங்கள் ஊரில் அரளி என்றால் எமன். ஓர் இலையைக் கடித்தாலும் ஆடு பிழைக்காது. அரளி வேலியைத் திறந்து போட்டதற்காகப் பெரியப்பா ஒருமுறை ஊரே கேட்கும்படி அப்பாவைத் திட்டியிருக்கிறார்.

அன்றைக்கு அவர் ஓடவில்லை. கிடாவைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். வீட்டுக் கோழி பறந்துவிட்டாலே பதறுகிற அம்மா கையைக்கூட நீட்டாமல் நின்றுகொண்டிருந்தாள். அவர் பார்ப்பது தெரிந்ததும் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். முகம் சிவந்துவிட்டது. கிடா கடைசி வாயையும் மென்று விழுங்கி நாக்கால் மூக்கை நக்கியது.

“வுடுடா தம்பி. அதுக்கு ஒண்ணும் ஆவாது” என்றார் பெரியப்பா. அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. பெரியப்பா என்னைக் கூப்பிட்டார். உதட்டோரத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ இருந்தது. “உங்கம்மாகிட்ட சொல்லு கண்ணு. குழிய நானே வெட்டறேன். மூணடி ஆழம் போதுமான்னு கேளு.”

நான் கேட்டேன். அம்மா குனிந்த தலை நிமிராமல், “போதுங்க” என்றாள். என்னிடம் சொல்ல வேண்டியதை அவரிடமே சொல்லிவிட்டாள். அதை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அன்று சாயங்காலமே பெரியப்பா குழி வெட்டிச் செம்மண்ணும் ஆட்டு எருவும் கலந்து கொன்றையை நட்டார். சுற்றிலும் முள் கட்டி, தக்காளிக் கொடிக்கு ஊன்றும் குச்சி ஒன்றை முட்டுக் கொடுத்தார். மே பிளவரைத் தன் வீட்டு மாட்டுக்கொட்டகை பக்கத்தில் வைத்துக்கொண்டார். அது மூன்றே வருடத்தில் கொட்டகையைத் தாண்டியது, உண்மையைச் சொல்ல வேண்டும், பூத்தபோது அழகாகத்தான் இருந்தது. ஏழாம் வருடம் அதன் வேர் கொட்டகைச் சுவரைப் பிளந்தது. எங்கள் கொன்றை இரண்டு வருடம் வளர்கிறதா இல்லையா என்றே தெரியாமல் நின்றது. பங்குனியில் மொட்டையானபோது செத்துவிட்டது என்று நான் அழுதேன். ஆறாம் வருடச் சித்திரையில் ஒரு காலை கதவைத் திறந்தால் ஓர் இலை இல்லை, மரம் முழுக்கச் சரம் சரமாக மஞ்சள். பஸ்ஸை நிறுத்தி இறங்கிப் பார்த்தார்கள். இன்றைக்கும் செல்போனில் படம் எடுக்க வருகிறவர்களிடம் பெரியப்பா, தான் நட்ட மரம் என்று சொல்லிக்கொள்வார். அம்மா மறுக்க மாட்டாள்.

பூப்போட்டுக் கேட்ட அடுத்த வெள்ளிக்கிழமை நான் பயந்துகொண்டே கோயிலுக்குப் போனேன். நான் செய்த திருட்டுக்கு அந்தக் கிடாதான் பலியாகியிருக்கும் என்று வாரம் முழுக்கத் தூக்கமில்லை. கிடா வாசலிலேயே நின்று ஒருவருடைய பூமாலையைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. அரளியைத் தின்ற கிடாவையே பிழைக்க வைத்தவள், என் நக அடையாளத்தையும் மன்னித்துவிட்டாள் என்று ஆத்தாளுக்குத் தோப்புக்கரணம் போட்டேன். பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் அந்த அதிசயத்தைச் சொன்னேன். ஒன்றும் ஆகாது என்று முதலிலேயே சொன்ன பெரியப்பாவின் பக்தியையும் புகழ்ந்து சொன்னேன். அம்மாவிடமும் சொன்னேன். அவள் சிரிப்பை அடக்க முடியாமல் சமையலறைக்குள் போய்விட்டாள். அவ்வளவு பெரிய அதிசயத்தைக் கேட்டுவிட்டு ஒருத்தி எப்படிச் சிரிக்க முடியும் என்று எனக்குக் கோபமாக வந்தது.