மூன்று விசிலுக்கு வந்தவர்கள்

பிரதீபன் பொய் சொல்லி டப்பா விற்கிறான்.

என் மனைவியின் தம்பி என்பதற்காக நான் இதை மூடி வைக்கப் போவதில்லை. சட்டைப் பைக்குள் அடங்கும் தகர டப்பா, உள்ளே விசில், காம்பஸ், தீக்குச்சி, பிளேடு, மலை ஏறப் போகிறவர்கள் எல்லோரும் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், என் உயிரைக் காப்பாற்றியது இதுதான் என்று பேஸ்புக்கில் வீடியோ மேல் வீடியோ போடுகிறான். எல்கடுவ மலையில் கால் உடைந்து கிடந்தானாம், விசில் ஊதினானாம், தேயிலைத் தோட்டத்தின் அடுத்த டிவிஷனில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் சத்தம் கேட்டு ஓடி வந்தார்களாம். கால் உடைந்தது மட்டும் உண்மை. விசில் ஊதியது நான். டப்பாவும் என்னுடையது. வந்தவர்கள் அடுத்த டிவிஷன் பெண்கள் இல்லை. யார் என்று என்னைக் கேட்காதீர்கள், யார் இல்லை என்று மட்டும் எனக்குத் தெரியும்.

நான் மாத்தளை டவுனில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறவன். கேட் அடிப்பேன், கிரில் அடிப்பேன். அம்மன் தேருக்கு வடம் பிடிப்பேன், அதோடு சரி. பேய் இருக்கிறது என்று ஆள் போகாத பழைய பங்களாவுக்குத் தனியாகப் போய் கேட் மாட்டிக் கொடுத்துவிட்டு, பேயைப் பார்த்தால் மீதி வேலையைச் செய்யச் சொல்லுங்கள் என்று வந்தவன் நான். இந்த மாதிரிக் கதையை வேறு யாராவது சொல்லியிருந்தால் என்ன குடித்தாய் என்று கேட்டிருப்பேன். நீங்களும் கேட்கலாம், எனக்குக் கோபம் வராது.

அந்த டப்பா கட்டாரில் வேலை செய்யும் கூட்டாளி ஒருவன் லீவில் வந்தபோது கொடுத்தது. சீப்பு வைக்கிற இடத்தில் வைக்கலாம், அவ்வளவு சின்னது. சட்டைப் பித்தான் அளவில் காம்பஸ், ஊசி நூல், முகம் பார்க்கும் கண்ணாடியில் ஒரு துண்டு, இரண்டு தூண்டில் முள், தீக்குச்சி, ஒரு பிளாஸ்டர், விசில். ஆபத்து என்றால் மூன்று தரம் ஊதுங்கள் என்று மூடிக்குள் இங்கிலீஷில் அச்சடித்திருந்தது. எனக்குக் கருவி என்றால் பைத்தியம், எங்கே போனாலும் பையில் போட்டுக்கொண்டு போவேன். பிரதீபன் கால் உடைந்த அன்றைக்குப் பௌர்ணமிப் போயா லீவு, மனைவியோடு எல்கடுவைக்கு மாமியார் வீட்டுக்குப் போயிருந்தோம், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகள்தான் லயம், அந்த வாசலில் உட்கார்ந்து பிரதீபனிடம் டப்பாவைக் காட்டினேன். அவன் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான்.

"மலையில ஏறி மீன் புடிக்கப் போறீங்களா அத்தான்? அப்புடியே கொஞ்சம் சோறும் வச்சிருந்தா சரியா இருந்திருக்கும்."

பிரதீபன் அந்தத் தோட்டத்திலேயே கங்காணி. பெண்கள் எடுத்து வரும் கொழுந்தைத் தராசில் போட்டு நிறை சொல்கிற இடத்தில் நிற்பது அவன் வேலை. இது முக்கியம், மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பிட்ட பிறகு, மேல் மலைக்குப் போனால் ஒரு பாறை இருக்கிறது, அங்கிருந்து மாத்தளை முழுக்கத் தெரியும், வாங்க என்று கூட்டிப் போனான். மேல் மலை என்பது தோட்டம் கைவிட்ட தேயிலை. மண் சரிந்த பிறகு அங்கே யாரும் கொழுந்து எடுப்பதில்லை. செடி நெஞ்சுக்கு மேல் வளர்ந்து, இடையில் பற்றை மண்டி, நிரை எது பாதை எது என்று தெரியாமல் கிடந்தது. பாறைக்குப் போய்ச் சேரவே இல்லை. பாதி வழியில் மிஸ்ட் இறங்கியது, பின்னாலேயே மழை. திரும்பலாம் என்று சொல்லி வாய் மூடவில்லை, முன்னால் போன பிரதீபன் ஆளைக் காணோம்.

பழைய கானுக்குள் விழுந்திருந்தான். தண்ணீர் ஓட நிரைகளுக்குக் குறுக்கே வெட்டி விடுவார்களே, அந்தக் கான், மேலே புல் மூடி இருந்திருக்கிறது. உள்ளே ஒரு கல் புரண்டு அவன் காலை அமுக்கிப் பிடித்திருந்தது, பாதம் வேறு பக்கம் திரும்பியிருந்தது. கல்லைத் தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை. அவன் கைகளைப் பிடித்து இழுத்தேன், அவன் போட்ட சத்தத்தில் விட்டுவிட்டேன். இரும்பு தூக்கிப் பழகிய கை இது, சும்மா சொல்லவில்லை. போனில் சிக்னல் இல்லை. மழை வலுத்து, மேல் மலைத் தண்ணீர் எல்லாம் அந்தக் கானுக்குள்தான் வந்தது. முதலில் இடுப்பு, கொஞ்ச நேரத்தில் வயிறு. விட்டுவிட்டுக் கீழே ஓடினால் ஆள் கூட்டிக்கொண்டு திரும்பும்போது அவன் மூழ்கியிருப்பான், அந்த மிஸ்டில் இடத்தைத் திரும்பக் கண்டுபிடிக்கவும் மாட்டேன்.

அப்போதுதான் டப்பா ஞாபகம் வந்தது. திறந்தேன். கண்ணாடியால் வெயிலைக் காட்டிக் கூப்பிடலாமாம், வெயில் எங்கே? தீக்குச்சி உரசின உடனே அணைந்தது. காம்பஸ் வடக்கு எங்கே என்று காட்டியது, வடக்கில் எனக்கு என்ன வேலை? தூண்டில் முள் என் விரலில் குத்தியது. கழுத்து வரை அட்டை ஏறிக்கொண்டிருந்தது, எல்லாம் போட்ட மகராசன் ஒரு பிடி உப்புப் போடவில்லை. கடைசியில் விசில். மூன்று தரம் ஊதினேன்.

"ஊதாதீங்க அத்தான்," என்றான் பிரதீபன் கானுக்குள் இருந்து.

ஏண்டா என்றேன். இந்தத் தோட்டத்தில் ஒரு விசில் என்றால் நிரை மாறு என்று அர்த்தமாம், மூன்று விசில் என்றால் கொழுந்து நிறுக்க வா என்று அர்த்தமாம். கீழே யார் காதில் விழுந்தாலும் நிறுவை என்றுதான் நினைப்பார்கள், லீவு நாளில் எந்தப் பைத்தியம் நிறுக்கிறது என்று சிரித்துவிட்டுப் படுப்பார்கள் என்றான். பல் அடித்துக்கொண்டு நடுங்கும்போதும் அவனுக்கு இது வேடிக்கையாக இருந்தது. நான் கேட்கவில்லை. வேறு என்ன செய்வது? மூன்று ஊதுவேன், மூச்சு விடுவேன், மறுபடி மூன்று. தண்ணீர் அவன் நெஞ்சுக்கு வந்துவிட்டது.

சத்தம் மேலே இருந்து வந்தது. லயம் இருப்பது கீழே. மேலே பாறையும் காடும்தான். தேயிலைச் செடிக்குள் நடந்தால் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கில் குச்சி உரசுமே, சர் சர் என்று, அந்தச் சத்தம். ஒரு ஆள் இல்லை, பல பேர். ஒருத்தி இருமினாள். இன்னொருத்தி என்னவோ சொல்ல யாரோ சிரித்தார்கள். நம்பினால் நம்புங்கள், எனக்கு வந்த சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது, ஆள் வருது ஆள் வருது என்று குதித்தேன்.

வந்தார்கள். மிஸ்டுக்குள் இருந்து ஒருத்தி பின்னால் ஒருத்தியாக, தலையில் கம்பளி, முதுகில் கூடை. இப்போது யாரும் கூடை கட்டுவதில்லை, எல்லோரும் பைதான். அது எனக்கு அந்த நேரம் உறைக்கவில்லை. "அக்கா, இங்க ஒருத்தன் மாட்டிக்கிட்டுக் கெடக்கான், கொஞ்சம் கை குடுங்க" என்றேன். யாரும் கானுக்குள் எட்டிப் பார்க்கவில்லை. நேராக என் முன்னால் வந்து வரிசையாக நின்றார்கள். முதலில் நின்ற பெரிய மனுஷி கூடையை இறக்கி என் கைக்கு நேரே நீட்டினாள். நீட்டியபடி நின்றாள்.

விசில் என் கையில் இருந்தது. நான்தானே ஊதியது.

"நிறுங்க அத்தான்," என்றான் பிரதீபன். அவன் குரல் மாறிப் போயிருந்தது. தராசு இல்லையே என்றேன். "கையாலயே தூக்கிச் சொல்லுங்க. சொல்லிருங்க."

தூக்கினேன். கூடை நிறையக் கொழுந்து, மழையில் நனைந்த பச்சை வாசம், அடி மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. என்ன கனம் என்று எனக்கு எப்படித் தெரியும், வாயில் வந்ததைப் பதினெட்டுக் கிலோ என்றேன்.

இப்போது நடந்ததைத்தான் பிரதீபன் எந்த வீடியோவிலும் சொல்வதில்லை. தண்ணீருக்குள் கழுத்தை மட்டும் நீட்டிக்கொண்டு, சாகக் கிடக்கிறவன், யோசிக்காமல், தினமும் தராசடியில் நின்று சொல்லிச் சொல்லிப் பழகிய வாயால் சொன்னான்:

"மழ நாளு. தண்ணிக்கு ரெண்டு கழிங்க."

இலையில் ஈரம் இருக்கிறது என்று நிறையில் குறைப்பார்கள், தோட்டத்தில் வளர்ந்த யாருக்கும் தெரியும், அதற்குத்தான் தராசடியில் தினமும் சண்டை. அவன் அதைச் சொன்னதும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கான் பக்கம் திரும்பினார்கள். அதுவரை அவன் இருப்பதையே பார்க்காதவர்கள். வரிசை கலைந்தது. கானின் இரண்டு பக்கமும் வந்து நின்றார்கள், குனிந்தார்கள், எனக்கு அவன் தலை தெரியவில்லை, கம்பளிதான் தெரிந்தது. தண்ணீர் குமிழி விடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

நான் கத்தினேன். என்ன கத்த வேண்டும் என்று யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியாது. "கழிக்கல. ஒண்ணும் கழிக்கல. பதினெட்டுன்னா பதினெட்டுத்தான்."

பெரிய மனுஷி மட்டும் என் பக்கம் திரும்பினாள். முகம் எப்படி இருந்தது என்று எல்லோரும் கேட்கிறார்கள். கம்பளி மறைத்திருந்தது, நான் பார்க்கவில்லை, பார்த்தேன் என்று புளுக மாட்டேன்.

"எல்லாருக்கும் நிறை போடு," என்றாள்.

போட்டேன். ஒருத்தி பின்னால் ஒருத்தியாகத் திரும்பி வந்தார்கள், ஒவ்வொரு கூடையாகத் தூக்கினேன், வாய்க்கு வந்த எண்ணைச் சொன்னேன், ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் கழிக்கல என்றேன். கை செத்துப் போனது. கடைசிக் கூடையும் முடிந்ததும் அவர்கள் கீழ்ப் பக்கமாக நடக்கத் தொடங்கினார்கள். நான் கானுக்குள் குதித்து அவனைப் பிடித்தேன். கல் தானாக உருண்டது. சத்தியமாக, நான் தள்ளவில்லை, அந்தப் பக்கம் இருந்து யாரோ தோள் கொடுத்த மாதிரி உருண்டது. அவன் வாயில் இருந்து தண்ணீர் கொட்டியது, இருமினான், உயிர் இருந்தது.

முதுகில் போட்டுக்கொண்டு அந்தச் சர் சர் சத்தத்துக்குப் பின்னாலேயே இறங்கினேன். கண் தெரியாத மிஸ்டில் ஒரு தரம் கூட வழுக்கவில்லை. தோட்டத்துத் தார் ரோட்டில் கால் வைத்ததும் சத்தம் நின்றது. ரோட்டில் யாரும் இல்லை. பெண்கள் கொழுந்தோடு போனால் ரோடெல்லாம் இலை சிந்தியிருக்கும், ஒரு இலை இல்லை. த்ரீவீலில் ஏற்றி மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம், காலுக்கு மாவுக்கட்டுப் போட்டார்கள்.

கட்டுப் போட்ட அன்றே கேட்டேன், டேய் அது யாருடா என்று. போயா நாளில், அன்றே காசு கிடைக்கிற கைக்காசு வேலைக்குக் கொழுந்து எடுக்க வந்த அடுத்த டிவிஷன் பெண்கள் என்றான். கைவிட்ட மலையில் எந்தக் கைக்காசு? அடுத்த டிவிஷனுக்கே போய் விசாரித்தேன், அன்றைக்கு அங்கே ஒருவரும் மலைக்குப் போகவில்லை என்று பெண்களே சொன்னார்கள். என் மனைவி, தம்பி உயிரோட வந்துட்டான்ல, விடுங்களேன் என்கிறாள். விட்டிருப்பேன். இவன் டப்பா விற்கத் தொடங்காமல் இருந்திருந்தால்.

டப்பா வைத்துக்கொள்ளலாமா கூடாதா என்று கேட்டால் என் பதில் இது: வைத்துக்கொள்ளுங்கள். தூண்டில் முள்ளைத் தூக்கி எறிந்துவிட்டு உப்புப் போடுங்கள், தீக்குச்சிக்குப் பதில் லைட்டர் போடுங்கள். விசில் இல்லாவிட்டால் பிரதீபன் அன்றைக்குச் செத்திருப்பான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எல்கடுவ மேல் மலையில் மூன்று தரம் ஊதாதீர்கள். கொழும்பில் இருந்து வருகிற பிள்ளைகள் இவன் பேச்சைக் கேட்டு அங்கே போய் ஊதினால், கூடையை நீட்டும்போது என்ன சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியுமா? அதை இவன் சொல்லிக் கொடுக்கிறானா?

போன கிழமை புது வீடியோ போட்டிருக்கிறான். நொண்டிக்கொண்டே அந்த மலைக்கே போய், செடிக்கு முன்னால் நின்று டப்பாவைக் காட்டிப் பேசுகிறான். இந்த முறை நான் அவனைப் பார்க்கவில்லை, அவன் முதுகுக்குப் பின்னால் இருந்த மலையைப் பார்த்தேன். மலை முழுக்க இளம் தளிர் வெளிர் பச்சையாக நிற்கிறது. அவனுக்குப் பின்னால் மூன்று நிரையில் மட்டும் ஒரு தளிர் இல்லை. எல்லாம் கிள்ளி எடுத்திருக்கிறது, காம்பு நுனி ஈரம் காயாமல் தெரிகிறது. பெரிதாக்கிப் பார்த்தேன், பட்டறைப் பையன்களிடம் காட்டினேன், தோட்டத்தில் வேலை செய்த ஒரு அக்காவிடமும் காட்டினேன். வீடியோ எடுத்த அன்றைக்கே கிள்ளிய கொழுந்து என்றாள்.

பிரதீபன், போனை வெட்டாதே. உன் அக்காவிடம் அழுது என் வாயை அடைக்கப் பார்க்காதே. எனக்குத் தனியாகப் பதில் வேண்டாம். பெண்கள் வேலைக்குப் போக முன்னால் பிரட்டுக்களத்தில் வந்து நிற்பார்களே, அங்கே, அவர்கள் எல்லோருக்கும் முன்னால் நின்று சொல். கானுக்குள் கிடந்து நீ என்ன சொன்னாய்? அந்த மூன்று நிரையையும் எடுத்தது யார்? அந்தக் கொழுந்துக்கு நிறை போட்டது யார்?