இரண்டு முறை திறந்த கதவு

மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு சனிக்கிழமை காலை, வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் எங்கள் ஒழுங்கையில் நடந்தது இது. எங்கள் படலையிலிருந்து அந்தக் கல்யாண வீட்டு வாசலுக்கு நூற்றுப் பன்னிரண்டு காலடி. நான் அரசாங்க அலுவலகமொன்றில் படவரைஞராக இருந்து ஓய்வு பெற்றவன். சனி, ஞாயிறுகளில் நாற்பத்தொரு வருடங்களாகக் கல்யாணப் படங்களும் எடுத்தவன். அதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. "இன்னொருக்கா நில்லுங்கோ, படம் சரிவரேல்லை" என்று அதுவரை யாரிடமும் கேட்டதில்லை.

மணமகளின் குடும்பம் சீனக் குடும்பம். அவளுடைய பாட்டன் காலத்தில் கொழும்புக்கு வந்தவர்கள். தந்தை காலி வீதியில் பல் கட்டும் கடை வைத்திருந்தார். என் வாயில் மேலே நான்கும் கீழே இரண்டுமாக உள்ள ஆறு பொய்ப்பற்களும் அவர் கட்டியவை. கல்யாணத்துக்கு இரண்டு வருடங்களுக்கு முன் அவருக்குப் பாரிசவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. மாப்பிள்ளை கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கத் தமிழர். காலையில் மணமகளின் வீட்டில், சிவப்பு உடுப்பில், சீன முறைப்படி பெற்றோருக்குத் தேநீர் கொடுப்பது. பிறகு அவள் வெள்ளைக் கவுனுக்கு மாறி, பத்து மணிக்குக் கொட்டாஞ்சேனைத் தேவாலயத்தில் திருமணம். அதன் பிறகு கேக்.

எதையும் நேரப்படி எழுதி வைக்காவிட்டால் எனக்கு நித்திரை வராது. ஏழு மணிக்கு மாப்பிள்ளை வருகை. கதவு விளையாட்டு, பத்து நிமிடம். தேநீர், இருபது நிமிடம். மணமகள் உடுப்பு மாற்ற ஒரு மணித்தியாலம். எட்டரைக்குப் புறப்பாடு. சனிக்கிழமை நெரிசலில் கொட்டாஞ்சேனைக்கு ஒரு மணித்தியாலம்.

கதவு விளையாட்டு என்பது அவர்களுடைய வழக்கம். மணமகளின் தோழிகள் உள்ளே கதவைப் பூட்டிக்கொள்வார்கள். சொன்னதையெல்லாம் செய்தால்தான் மாப்பிள்ளைக்கு வழி. வாழ்க்கையில் எல்லாச் சுவையும் உண்டு என்பதற்காகப் புளிக்கு நெல்லிக்காய், கசப்புக்குப் பாகற்காய், உறைப்புக்குப் பச்சை மிளகாய், இனிப்புக்குத் தொதல் என்று யன்னல் கம்பிகளுக்கு இடையால் நீட்டினார்கள்.

"அடியேய், பசியோட வந்த மனுசனுக்குப் பாகற்காயா?" என்றார் மாப்பிள்ளை.

"மச்சான், சத்தம் போடாமச் சாப்பிடு. இனி வீட்டில இதுதான்!" என்று அவருடைய சிநேகிதர்கள் கத்தினார்கள்.

நான் கதவுக்கு உள்ளே, கூடத்தில் கமராவோடு நின்றேன். பத்து நிமிடம் போயிற்று. பதினைந்தும் போயிற்று. மாப்பிள்ளை முப்பது தண்டால் எடுத்து, இரண்டு பாட்டும் பாடிவிட்டார். ஆனாலும் தோழிகள் விடவில்லை. இடையிடையே அவர்கள் கூடத்தின் மூலையில் இருந்த அறையின் திரைச்சீலையைத் திரும்பிப் பார்த்தார்கள். ஐந்து தடவை பார்த்தார்கள். எண்ணினேனே தவிர, ஏன் என்று யோசிக்கவில்லை. எனக்குத் தேவாலயத்தில் காத்திருக்கப்போகும் பாதிரியாரின் முகம்தான் தெரிந்தது.

பத்தொன்பதாவது நிமிடம், "போதும் பிள்ளையள், நேரம் போகுது" என்று நானே போய்த் தாழ்ப்பாளை இழுத்துவிட்டேன்.

கதவு திறந்ததும் ஆட்கள் சிரித்துக்கொண்டு உள்ளே தள்ளினார்கள். அதே நேரம் திரைச்சீலையும் விலகியது. மனைவியும் மகனும் இரண்டு பக்கமும் தாங்க, மணமகளின் தந்தை வெளியே வந்துகொண்டிருந்தார். கோட்டின் ஒரு கை மாட்டியிருந்தது, மற்றது தொங்கியது. பற்செட்டு மனைவியின் கையிலிருந்த கிண்ணத்துத் தண்ணீரில் கிடந்தது. ஊருக்கெல்லாம் பல் கட்டியவர் வாயை மூட ஒரு கையில்லாமல் நின்றார். நல்ல கை மகனின் தோளைப் பிடித்திருந்தது. அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

என் விரல் பழக்கத்தில் கமராவின் பொத்தானை மூன்று தடவை அமத்திவிட்டது.

மாப்பிள்ளை ஒரு கணம்தான் பார்த்தார். உடனே இரண்டு கையையும் அகல விரித்து, பின்னால் வந்தவர்களை மறித்துக்கொண்டு திரும்பினார்.

"எல்லாரும் வெளிய, வெளிய! அங்கிள் படத்தை மிஸ் பண்ணிட்டாராம். திரும்ப முதல்ல இருந்து!"

"இல்லைத் தம்பி, நான் எடு..." என்று வாய் திறந்தேன். அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, கெஞ்சல் மாதிரி ஒரு பார்வை. அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"ஓம், தவறிப்போச்சு. என்ர பிழை" என்றேன், எல்லோருக்கும் கேட்க.

"கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எடுங்கோ அங்கிள்!" என்று வாசலில் யாரோ கத்த, எல்லோரும் சிரித்தார்கள். கதவு மூடியது.

"அப்பாவைக் கதிரையில இருத்தும் வரைக்கும் திறக்க வேண்டாமெண்டு அம்மா சொன்னவ. கட்டில்ல கிடந்து தேத்தண்ணி வாங்க மாட்டன் எண்டு அவர் பிடிவாதம். உங்களுக்குச் சொல்ல மறந்துபோனம், அங்கிள்" என்றாள் ஒரு தோழி மெதுவாக.

வெளியே மாப்பிள்ளை இன்னொரு பாகற்காயைக் கடித்தார். இன்னொரு மிளகாயையும். கண்ணில் தண்ணீர் வழிய, "காணாது, இன்னும் தாங்கோ!" என்றார். இந்தத் தடவை மேலும் பத்துத் தண்டால் கேட்டது நான்தான்.

இரண்டாம் முறை கதவு திறந்தபோது, அவர் கூடத்தின் நடுவில் கதிரையில் நிமிர்ந்து இருந்தார். கோட்டின் மூன்று பொத்தானும் பூட்டியிருந்தன. பற்கள் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தன. மகளும் மருமகனும் முழந்தாளிட்டு இரண்டு கையாலும் கோப்பையை நீட்ட, வராத வலது கையை மகன் கீழே தாங்க, இரண்டு கையாலும் வாங்கினார். ஒரு வாய் குடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"மிஸ்டர், இப்பவாவது எடுத்தீங்களா?" குழறிய பேச்சுத்தான். ஆனால் கிண்டல் தெளிவாகக் கேட்டது.

தேவாலயத்துக்குப் பதினேழு நிமிடம் பிந்திப் போனோம். பாதிரியார் முன்வரிசை வாங்கில் உட்கார்ந்து பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். பிந்தியதால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. அன்று பின்னேரம் அந்த மூன்று படங்களையும் அழித்தேன். நான் கொடுத்த படங்களில் 143க்குப் பிறகு 147தான் வரும்.

அதன்பின் மணமகளின் தந்தை பதினான்கு மாதங்கள் உயிரோடு இருந்தார். நான் போகும்போதெல்லாம் அல்பத்தை எடுப்பித்து, வந்திருப்பவர்களிடம், "இந்த மிஸ்டராலதான் என்ர மருமகன் ரெண்டு தரம் பாகற்காய் திண்டது" என்பார். நானும் ஒவ்வொரு முறையும் தலையாட்டினேன். அவர் உண்மையாகவே நம்பினாரா, அல்லது அவரும் எங்களோடு சேர்ந்து நடித்தாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

எண்ணும் பழக்கம் இந்த வயதில் என்னை விடாது. ஆனால் இப்போதெல்லாம் எந்த வீட்டு வாசலிலாவது மணியை அமத்திவிட்டு நிமிடங்களை எண்ணத் தொடங்கும்போது, உள்ளே யாரோ தன் கோட்டின் மற்றக் கையைத் தேடிக்கொண்டிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டு, மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுகிறேன்.