பிரட்டுக் களத்து இரட்டை மணி

கிள்ளானுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டம். ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் எடுக்கும் பிரட்டுக் களத்து மரத்தில் நாக்கில்லாத இரட்டை இரும்பு மணி தொங்குகிறது. விடியலில் இதை அடித்துத்தான் ஆட்களை வேலைக்குக் கூப்பிடுகிறார்களாம்.

“ஏது இது?” என்று கேட்கிறேன்.

“துரை ஆப்பிரிக்காவில இருந்து கொண்டு வந்தது,” என்கிறார் தோட்டத்துக் கணக்கு எழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணி. “அங்க தலைவர்மார் செத்தால் தட்டுவினமாம். இதையே காசாக் குடுத்துக் கலியாணத்துக்குப் பொம்பிளையும் எடுப்பினமாம்.”

இன்று தோட்டத்தில் ஒரு காய்ச்சல் சாவு. இழவுக்குச் சேகண்டி அடிப்பவரே செத்துப்போனார். அவருடைய சேகண்டி மருந்துச் செலவுக்காக அடகுக் கடையில் கிடக்கிறது. வேறு வழியின்றி, பாடையைத் தூக்கும் நேரத்தில் கங்காணி இந்த மணியை அடிக்கிறார்.

லயத்து வீடுகளிலிருந்து ஆட்கள் வாளியும் கத்தியுமாக ஓடிவந்து வரிசையில் நிற்கிறார்கள்.

“வேலைக்கு இல்லப்பா! பொணம் எடுக்கப் போறோம்!” என்று கத்துகிறார் கங்காணி.

வரிசை கலையவில்லை. அதன் கடைசியில், கையில் வாளியோடு, இறந்தவரின் மனைவி.