இரண்டு புள்ளி நாலு

தராசில் கிடக்கும் கெம்போங் மீனை வாரி எடுத்து, உள்ளங்கையில் வைத்து, மேலும் கீழுமாக அசைத்துப் பார்த்த பிறகுதான் குமுதா பணப்பையைத் திறப்பாள். "நம்பரைப் பாருங்கக்கா, சரியா அரை கிலோ" என்பார் புந்தோங் பாசாரில், அந்தச் சந்தையில் கடை போட்டிருக்கும் மீன்காரர். "நம்பரு உன் மிஷின்ல இருக்கு. மீனு என் கையில இருக்கு. நீ அடுத்த ஆளப் பாரு லா." அவர் சிரிப்பார். குமுதா சிரிக்கமாட்டாள்.

கேஸ் சிலிண்டர் தோம்பை ஆட்டிப் பார்க்காமல் வீட்டு வாசலைத் தாண்ட விடமாட்டாள். பெட்ரோல் நிலையத்தில் குழாயைக் கையில் எடுத்ததும், மீட்டர் பூஜ்ய முட்டைக்கு வந்துவிட்டதா என்று வெயிலை மறைத்துக்கொண்டு எட்டிப் பார்ப்பாள். கோயில் அன்னதானத்தில்கூட, தன் இலையில் விழுந்த வடையையும் பக்கத்து இலையில் விழுந்த வடையையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் கை நனைப்பாள். ஊர் சிரித்தால் சிரிக்கட்டும். அவளுக்கு அதனால் ஒரு வேளைச் சோறு குறைந்ததில்லை.

லகாட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அவள் அம்மா பால் மரம் சீவிப் பால் இறக்கியவர். சேர்த்த பாலைக் கொண்டுபோய் வைத்தால், தோட்டத்துக் கணக்கரான கிராணி அதில் ஒரு கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டு, குனிந்து, அதிலுள்ள எண்ணைத் தான் மட்டும் படிப்பார். "தண்ணி கலந்திருக்கு" என்பார். கூலி குறையும். அந்த எண்ணை எட்டிப் பார்க்க அம்மாவுக்கு ஒருநாளும் வாய்க்கவில்லை. நகை நட்டு எதுவும் விட்டுப் போகாவிட்டாலும், அந்த ஆத்திரத்தை மட்டும் மகளுக்கு முழுசாக விட்டுவிட்டுப் போனார்.

குமுதாவின் பிழைப்பு கரோக்கே. பிறந்தநாள், சடங்கு, நிச்சயதார்த்தம் என்று எங்கே கூப்பிட்டாலும் பழைய வேனில் ஸ்பீக்கரையும் மைக்கையும் ஏற்றிக்கொண்டு போய்விடுவாள். பாட்டும் வரிகளும் ஓடுவது ஒரு லேப்டாப்பில். பாடுகிற மாமாவுக்குச் சுருதி எங்கேயோ போனாலும் சொந்தக்காரர்கள் கை தட்டுவார்கள். திரையில் வரி நின்றுபோனால் மட்டும் மண்டபமே திரும்பிக் குமுதாவைப் பார்க்கும். அதனால் அந்த லேப்டாப்பை அவள் பிள்ளையைப்போல் துண்டில் சுற்றி வைத்திருப்பாள்.

அதை அவளுக்கு விற்றவன் ஹாபிஸ். ஒரு பூக்கடைக்கு எதிரே கைத்தொலைபேசியும் கம்ப்யூட்டரும் பழுது பார்க்கிற கடை வைத்திருப்பவன். "வேகம் ரெண்டு புள்ளி நாலுக்கா, நல்லா லாஜுவா ஓடும்" என்று சொல்லிக் கொடுத்தான். ஆங்கிலம் படிக்க வராவிட்டாலும் குமுதாவுக்கு எண் படிக்க வரும். வேகத்தைக் காட்டுகிற கட்டம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று அன்றைக்கே கேட்டுத் தெரிந்துகொண்டாள். தினமும் சாமி கும்பிட்டு எழுந்ததும் அதைத் திறப்பாள். எண் கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும், ஆனால் ரெண்டு புள்ளி நாலை விட்டுத் தூரம் போகாது. மூடி வைத்துவிட்டுக் கோப்பி போடப் போவாள்.

போன வாரம் அதன் விசிறி இரைகிறது என்று தூசி தட்டக் கொண்டுபோனாள். கொடுத்துவிட்டு வருகிற ஆளா அவள்? முக்காலியை இழுத்துப் போட்டு ஹாபிஸின் விரலுக்கு நேரே உட்கார்ந்திருந்தாள். நடுவில் அவன் ஒரு தே தாரேக் வாங்கிக் கொடுத்தான். அதைக் குடிக்கிற நேரம் பார்த்துத் தெருவில் இரண்டு மோட்டார் சைக்கிள்காரர்கள் சண்டை பிடித்தார்கள். குமுதா திரும்பிப் பார்த்தாள். பார்க்காமல் இருக்க முடியுமா?

அன்று சாயங்காலம் லேப்டாப் தானாகவே அப்டேட் ஆகி, அணைந்து, மறுபடி எரிந்தது. மறுநாள் காலையில் அந்தக் கட்டத்தைத் திறந்தால், பூஜ்யம் புள்ளி ஏழு.

பாட்டைப் போட்டு ஓடுகிறதா என்று அவள் பார்க்கவில்லை. மீன்காரரின் எண்ணை ஒருநாளும் நம்பாதவள், இந்த எண்ணை மட்டும் பார்த்த கணமே நம்பினாள். ஏனென்றால் அது குறைந்திருந்தது. கோயில் பெண்கள் வாட்ஸ்அப் குழுவில் உடனே குரல் பதிவு போட்டாள்: "ஹாபிஸ் கடையில ஜாக்கிரத. உள்ள இருக்கற நல்ல சாமானத் தூக்கிட்டு ரோசாக்கான ஓட்ட சாமான வச்சுடறான். தே தாரேக் குடுத்தா குடிக்காதீங்க, அதுதான் அவன் டெக்னிக்."

மறுநாள் அவள் கடைக்குப் போனபோது ஹாபிஸ் எழுந்து நிற்கவில்லை.

"வாங்கக்கா. பதிவு எனக்கும் வந்துச்சு" என்றான். "நேத்து எதிர் பூக்கடை விமலாக்கா வந்து போனைத் திருப்பி வாங்கிட்டாங்க. பாதி கழட்டி வச்சிருந்தேன். அப்படியே பிளாஸ்டிக் பையில போட்டு எடுத்துட்டுப் போனாங்க. அப்புறம் கடைக்குள்ள ஆளே வரல."

"என் சிப்ப எங்க வச்சிருக்கே?"

"அக்கா, நான் எடுத்தா நம்பரக் கூட்டித்தானே காட்டுவேன்? குறைச்சா நீங்க கண்டுபிடிச்சிட மாட்டீங்க?"

"குறைச்சுக் காட்டறவனத்தான் எங்கம்மா ஆயுசு பூரா பாத்தா."

அவன் சார்ஜரை மாற்றினான். மின்சாரச் சிக்கன அமைப்பு எதுவும் வேகத்தைப் பிடித்து இழுக்கிறதா என்று பார்த்தான். அணைத்து எரியவிட்டான். அதே பூஜ்யம் புள்ளி ஏழு. பிறகு வேகத்தை அளக்கிற வேறொரு மென்பொருளைப் போட்டுக் காட்டினான். அதில் ரெண்டு புள்ளி நாலு நின்றது.

"பாத்தீங்களா? அப்டேட்டுக்கு அப்புறம் அந்தக் கட்டம்தான் தப்பாக் காட்டுது. மிஷின் நல்லாத்தான் ஓடுது."

"கடையில ரெண்டு தராசு இருந்தா, கடைக்காரன் எதைக் காட்டுவான் தம்பி?"

கல்லாவில் உட்கார்ந்திருந்த ஹாபிஸின் மனைவி அஸ்ஃபியாவுக்குப் பொறுக்கவில்லை. "நகைக்கடைக்குக் கொண்டு போங்கக்கா. அங்க உரசிப் பாத்துச் சொல்வாங்க."

குமுதாவின் கண் மேசை ஓரத்தில் நின்றது. அங்கே அவளுடைய லேப்டாப்பின் ஜோடி இருந்தது. ஒரே நாளில், ஒரே இடத்திலிருந்து ஹாபிஸ் வாங்கிய இரண்டில் ஒன்றை அவளுக்கு விற்று, மற்றதைத் தனக்கு வைத்துக்கொண்டிருந்தான். வேலை கெடும் என்று அப்டேட்டைத் தள்ளித் தள்ளிப் போட்டிருந்தான்.

"அது என்ன காட்டுது?"

"ரெண்டு புள்ளி நாலு."

"அப்ப ரெண்டையும் ஓடவிடு. நம்பரப் பாக்க வேணாம். வேலையப் பாப்போம்."

ஓட்டப்பந்தயம்தான். எந்த வேலை என்று ஹாபிஸைத் தேர்ந்தெடுக்க விடவில்லை. தன் பென்டிரைவில் இருந்த ஒரு சடங்கு வீடியோவை இரண்டு லேப்டாப்பிலும் ஏற்றி, இரண்டிலும் அதைச் சின்னக் கோப்பாகச் சுருக்கச் சொன்னாள். வேலை எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பச்சைக் கோடு இரண்டு திரையிலும் புறப்பட்டது. ரெண்டு புள்ளி நாலு ஒரு பக்கம், பூஜ்யம் புள்ளி ஏழு ஒரு பக்கம். கோடுகள் இரண்டும் ஒரே நுகத்தில் பூட்டிய மாடுகளைப்போல் பக்கம் பக்கமாகப் போயின. அவளுடைய லேப்டாப் ஒரு மூச்சு முந்தி முடித்தது.

அஸ்ஃபியா கை தட்டினாள். "அப்ப நீங்கதான் எங்க சிப்பத் தூக்கிட்டீங்க போலக்கா!"

குமுதா அசையவில்லை. "வயரு மாத்து" என்றாள். ஹாபிஸ் சார்ஜர்களை மாற்றினான். லேப்டாப்களையும் இடம் மாற்றி வைத்து, மறுபடி ஓடவிடச் சொன்னாள். இந்தத் தடவை திரைகளைப் பார்க்கவில்லை. ஹாபிஸின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அவற்றை மேசைமேல் விரித்து வைத்திருந்தான். கோடுகள் மறுபடியும் ஒன்றாகவே போய்ச் சேர்ந்தன.

குமுதா தன் திரையில் நின்ற பூஜ்யம் புள்ளி ஏழை விரலால் தட்டினாள்.

"அப்ப அந்த ஏழ யாருதான் போடறது?" என்றாள்.

"அப்டேட் செஞ்சவன் போட்ட தப்புக்கா. அடுத்த அப்டேட்ல சரியாயிடும்."

"அவன் கடை எங்க இருக்கு?"

"நம்ம போய்ச் சண்டை போடற தூரத்துல இல்ல."

குமுதா எழுந்து வெளியே போனாள். வேன் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. கிளம்பிவிட்டாள் என்றுதான் அவர்கள் நினைத்தார்கள். அவளோ ஒரு ஸ்பீக்கரை அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்து, கடை முன்னால் நடைபாதையில் வைத்தாள். வயரை இழுத்து வந்து தன் லேப்டாப்பில் செருகினாள்.

"என்னக்கா இது?"

"சனிக்கிழம பாகான் செராய்ல ஃபங்ஷன். டெஸ்ட் பண்ண வேணாமா?"

ஸ்பீக்கரின் முகத்தை எதிரே இருந்த பூக்கடைப் பக்கமாகத் திருப்பினாள். மைக்கை வாய்க்கு நேரே பிடித்தாள். தெருவில் போன மோட்டார் சைக்கிள்கள் வேகம் குறைத்தன.

"ஹலோ, ஹலோ. குமுதா பேசறேன். ஹாபிஸ் கடையிலேருந்து பேசறேன். என் மிஷின் நல்லாத்தான் ஓடுது. அந்தத் தம்பி ஒண்ணும் எடுக்கல. அடி விமலா, என்ன பாக்கறே? போனைக் கொண்டா."

பூக்கடையில் விமலா, சரத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். குமுதா ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, ஹாபிஸுக்கு முதுகைக் காட்டித் தெருவைப் பார்த்து உரக்கப் பாடினாள். மைக் வலது கையில் இருந்தது. இடது கை பின்னால் நீண்டு, மேசைமேல் இருந்த லேப்டாப்பின் ஓரத்தை இறுக்கிப் பிடித்திருந்தது.