டிங்கர்காரர் இடித்த இடி

இருபத்திரண்டு வருடமாக, அடிபட்ட வண்டிகளைத் தட்டி நிமிர்த்துவதுதான் டிங்கர்காரருக்குப் பிழைப்பு. நசுங்கிய கதவை ஒருமுறை தடவிப் பார்த்தால் போதும், இடித்தது லாரியா பைக்கா, இடித்தவன் பிரேக் பிடித்தானா இல்லையா என்று சொல்லிவிடுவார். தகரத்துக்கு உள்ளே இரும்புக் கட்டையை முட்டுக்கொடுத்து, வெளியே சுத்தியலால் பதமாகத் தட்டுவார். ஓங்கி அடித்தால் தகரம் நீண்டுவிடும், அப்புறம் அது பழைய நிலைக்கு வரவே வராது என்பார். பட்டறையில் அவர் ஓங்கி அடித்து யாரும் பார்த்ததில்லை. வீட்டிலும் அதே கதைதான். மனுஷன் வாயைத் திறந்து ஒரே ஒரு அதட்டல் போட்டிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

மகளின் கையை முறித்தது அவளுடைய பெரிய மாமா, அதாவது டிங்கர்காரரின் மனைவிக்கு மூத்த அண்ணன். கிடங்கில் மூட்டை தூக்கித் தூக்கி உடம்பு இறுகிப்போன ஆள். விருந்துக்கு வந்த இடத்தில் எட்டு வயதுப் பிள்ளையை மேஜைக்கு எதிரே உட்காரவைத்து, கைப்பலம் பார்க்கலாம் வா என்றார். அவள் கை சாய்ந்த பிறகும் விடவில்லை. “தோத்துட்டேன்னு சொல்லு, விடறேன்” என்று முறுக்கினார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அவரையே முறைத்தாள். எலும்பு முறிந்த சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்டது.

“விளையாட்டுக்குத்தான் பண்ணேன். இந்தச் சுண்டக்காய்க்கு இவ்ளோ அழுத்தம் இருக்கும்னு யாருக்குத் தெரியும்?” என்றார் மாமா. டிங்கர்காரர் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிள்ளையை அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார், அவ்வளவுதான். மாவுக்கட்டு போட்டுத் திரும்பும் வழியில் மகள் கேட்டாள்: “மாமாவை நீ ஏன்ப்பா ஒண்ணும் பண்ணல?”

அன்றோடு அவள் அப்பாவிடம் பேச்சை நிறுத்தினாள். சட்டைக்குப் பொத்தான் போட அம்மா வேண்டும், ஷூ மாட்டிவிட அம்மா வேண்டும். இவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் எழுந்து போய்விடுவாள். மூன்று வாரமாக அந்த மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை.

சமாதானம் பண்ணுகிறேன் பேர்வழி என்று மாமாவே எல்லாருக்கும் தீம் பார்க் டிக்கெட் எடுத்தார். கை ஒடிந்த பிள்ளையைத் தீம் பார்க்குக்குக் கூட்டிப்போகிற புத்தி அவரைத் தவிர வேறு யாருக்கு வரும்? “அண்ணன் மனசு கேக்காமத்தான் கூப்பிடறார். நீங்க மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காதீங்க” என்றாள் மனைவி.

அங்கே எந்த வரிசையில் போய் நின்றாலும் ஒரே பல்லவிதான். மாவுக்கட்டு இருந்தா ஏத்த மாட்டோங்க. ராட்டினம் இல்லை, ரயில் இல்லை, தண்ணீர்ப் பக்கம் போகவே கூடாது. மாமாவோ தன் நாலு வயது மகள் குட்டிம்மாவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒன்று விடாமல் ஏறி இறங்கினார். இறங்கும்போதெல்லாம் மருமகளின் மாவுக்கட்டைத் தன் விரலால் சுண்டுவார். “அன்னைக்கே தோத்துட்டேன்னு சொல்லியிருந்தா இன்னைக்கு நீயும் ஏறியிருக்கலாம்ல?” மனைவிகூட அதற்குச் சிரித்துவைத்தாள்.

டேஷிங் கார் ஓடும் கூடாரத்துக்கு வந்ததும் மாமா குட்டிம்மாவைக் கீழே இறக்கிவிட்டார். “வாங்க மாப்பிள்ளை, ஒரு ரவுண்டு. தகரம் தட்டற கைக்கு ஸ்டீயரிங் பிடிக்க வருதான்னு பாப்போம்.”

மகள் கம்பித் தடுப்பை நல்ல கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்று வாரத்தில் முதல்முறையாக அப்பாவை நேருக்கு நேர் பார்த்தாள்.

“இடிப்பா” என்றாள்.

மணி அடித்ததும் மாமா கூச்சல் போட்டபடி வந்து இவர் வண்டியை இரண்டு தடவை முட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். டிங்கர்காரர் சிரிக்கவில்லை. எங்கே அடி விழுந்தால் வண்டி சுழலும், எங்கே விழுந்தால் உள்ளே இருப்பவன் நொறுங்குவான் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. முன் மூலையில் ஒரு இடி கொடுத்தார். மாமாவின் வண்டி அரைவட்டம் சுற்றிச் சுவரோரம் மாட்டிக்கொண்டது. பின்னால் போய், முழு வேகத்தில் வந்து, பக்கவாட்டில் இடித்தார். மாமாவின் வாய் ஸ்டீயரிங்கில் மோதியது. “மாப்பிள்ளை, போதும்” என்று வாயைப் பொத்தினார். விரல் இடுக்கில் ரத்தம் வந்தது. டிங்கர்காரர் மறுபடி பின்னால் போனார். மூன்றாவது இடியில் ஒரு பல் தெறித்துத் தரையில் விழுந்தது.

விசில் ஊதினார்கள், கரண்டை நிறுத்தினார்கள். மாமா சீட் பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் பாய்ந்து வந்து இவரைச் செவிட்டில் அறைந்தார். டிங்கர்காரர் அந்தக் கையைப் பிடித்தார். சுத்தியல் பிடித்துப் பிடித்து உரம் ஏறிய விரல்கள், பிடித்தால் பிடித்ததுதான். மாமாவைக் கார் முகப்பில் கவிழ்த்து, கையை முதுகுப் பக்கம் திருகினார். மனைவி தடுப்புக்கு அப்பால் தலையில் அடித்துக்கொண்டு கத்தினாள். அவருக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை.

“தோத்துட்டேன்னு சொல்லுங்க மச்சான்.”

“டேய், விடுடா.”

இன்னும் கொஞ்சம் திருகினார். இருபத்திரண்டு வருடம் பதமாகத் தட்டியதற்கெல்லாம் சேர்த்து ஒரு சுகம் தோளிலிருந்து இறங்கியது. அது அவருக்கே பயமாக இருந்தது. ஆனாலும் விடவில்லை.

“தோத்துட்டேன். தோத்துட்டேன், விடுங்க மாப்பிள்ளை.”

விட்டார். மாமா தரையில் உட்கார்ந்து, ஆட்கள் பார்க்கப் பார்க்க அழுதார். டிங்கர்காரருக்கு அவரைப் பற்றிக் கவலையே இல்லை. மகளின் முகத்தை உடனே பார்க்க வேண்டும்போல் இருந்தது. தடுப்பைத் திரும்பிப் பார்த்தார். அங்கே அவள் இல்லை.

டிக்கெட் கூண்டுக்குப் பின்னால் இருந்தாள். குட்டிம்மாவைச் சுவரோடு நெருக்கி, மாவுக்கட்டுக் கையை அந்தக் குழந்தையின் கழுத்தில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். நல்ல கையால் அதன் மணிக்கட்டைத் திருகிக்கொண்டிருந்தாள். குழந்தைக்கு முகம் கறுத்து, எச்சில் வழிந்தது.

“விடு” என்று கத்திக்கொண்டு ஓடி, மகளைப் பிய்த்து இழுத்தார். குட்டிம்மா சரிந்து விழுந்து, மூச்சு திரும்பியதும் வீறிட்டாள். அந்தச் சின்னக் கையில் ஐந்து விரலும் சிவப்பாகப் பதிந்திருந்தன. இந்த அடி எங்கிருந்து வந்தது என்று அவர் தடவிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

மகள் பயப்படவில்லை. மூன்று வாரத்துக்கு அப்புறம் அப்பாவைப் பார்த்து வாய்நிறையச் சிரித்தாள்.

“அவளும் சொல்லிட்டாப்பா” என்றாள். பிறகு, லேஸ் அவிழ்ந்து கிடந்த ஷூக்காலை அவர் பக்கம் நீட்டினாள். “கட்டிவிடு.”